ரத்தினபாய் வீட்டுக்குள் வந்த கோயில்

கிருபைநல்லூர் வேதக்கோயில் எந்த ஞாயிற்றுக்கிழமை நடக்க ஆரம்பித்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், ஆனால் அன்றைக்கு எல்லாருடைய செருப்பும் காணாமல் போனது என்பதில் மட்டும் ஒருத்தருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆராதனை முடிந்து வெளியே வந்த சபையார், படிக்கட்டுக்கு முன்னால் கழற்றிப் போட்ட செருப்புகளைத் தேடினார்கள், நாய்களைத் திட்டினார்கள், பிறகு கமிட்டித் தேர்தலில் தோற்ற கட்சிக்காரர்களைத் திட்டினார்கள், கடைசியில் யாரோ குனிந்து பார்த்தபோது கீழ்ப்படிக்கு அடியிலிருந்து ஒரு வார் நீட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரத் துரை மூலைக்கல் வைத்த நாளிலிருந்தே அந்தச் செருப்பு அங்கேதான் கிடக்கிறது என்று சொல்லும்படி, அதன்மேல் படி அத்தனை நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. வார் நீட்டிக்கொண்டிருந்த செருப்பு ரத்தினபாயுடையது. மகன் கல்யாணத்துக்கென்று வாங்கி, கால் கடிக்காமல் பழகட்டுமே என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

ரத்தினபாய் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி. கோயிலில் பெண்கள் பக்கம் பாய் விரித்துத் தரையில் உட்காருவது வழக்கம், அதில் முதல் பாய், முதல் மின்விசிறிக்கு நேர் கீழே, அவளுடைய இடம். அந்த விசிறி அவள் மாமனார் உபயம், இறக்கைக்கு ஒரு சொல்லாக அவர் பெயரையும் படிப்பையும் எழுதியிருந்ததால் விசிறி சுற்றும்போதெல்லாம் மாமனாரும் தலைக்கு மேலே சேர்ந்து சுற்றுவார். பொல்லாதவள் என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. சாவு வீட்டுக்கு முதல் கஞ்சிப்பானை அவள் வீட்டிலிருந்துதான் போகும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காய மருந்து முதலில் அவள் கையால்தான் இடிபடும். நல்லவள்தான், என்ன, தெரிந்தவர்களுக்கு மட்டும் நல்லவள்.

செருப்பு போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, ரத்தினபாய் கோயில் வாசலில் நின்று பிடியரிசி வாங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போட்டு வைப்பதும், அதைச் சங்கத் தலைவி வாங்கி மூட்டையாகச் சேர்ப்பதும், வருஷத்துக்கொரு தடவை ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்துக்கு அதைப் பொங்குவதும் அங்கே தலைமுறையாக நடப்பது. அப்போது வரிசையின் கடைசியில், தெரியாத முகமாக ஒருத்தி, ஒரு பால்பவுடர் டப்பா நிறைய அரிசியோடு வந்து நின்றாள். காலெல்லாம் செங்கல் தூசி.

"நீ எந்த ஊரும்மா?"

"சூளையில வேலை பாக்கேங்க்கா. பேரு செல்லக்கிளி. நமக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அவரு தவறிப்போனதுக்கு அப்புறம் இங்க சூளைக் குடிசையிலதான் இருக்கேன். வாராவாரம் உங்க பாட்டுச் சத்தம் காத்துல வரும், கேக்க நல்லாருந்துச்சு, வந்தேன். அரிசி கொடுக்கணும்னாவ, கொண்டாந்திருக்கேன்."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்றால் போதும், அதற்குமேல் கிருபைநல்லூரில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சாதி என்ற சொல் அந்தக் கோயில் சுவருக்குள் உச்சரிக்கப்பட்டதே இல்லை என்று சபையார் பெருமையாகச் சொல்வார்கள், அது உண்மைதான், உச்சரிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் ஒழுங்காக நடந்து வந்தது. ரத்தினபாய் சிரித்த முகமாகவே சொன்னாள்.

"இன்னைக்கு உள்ள இடமில்லையேம்மா. இன்னொரு நாளைக்குப் பாப்போம்."

அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆட்டு மந்தையே காலை நீட்டிப் படுக்கிற அளவுக்குத் தரை காலியாகக் கிடந்தது. செல்லக்கிளி அதை எட்டிப் பார்த்தாள், ரத்தினபாயைப் பார்த்தாள்.

"அரிசி?" என்று மட்டும் கேட்டாள்.

"அரிசியை வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனாள். அந்த அரிசியை ரத்தினபாய் மூட்டையில் சேர்க்காமல், சாமான் அறையில் கிடந்த ஒரு பழைய பெயின்ட் வாளியைத் துடைத்து அதில் தனியாகக் கொட்டி மூடினாள். அடுத்த ஞாயிறுதான் கோயில் கிளம்பியது.

முதலில் கமிட்டி கூடி, கோயில் நகர்வதை இக்கமிட்டி வன்மையாகக் கண்டிக்கிறது என்று தீர்மானம் போட்டது. கோயில் அதைப் பொருட்படுத்தவில்லை. பிஷப் அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து, சுவரைத் தட்டி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை, அஸ்திவாரமும் கூடவேதான் வருகிறது, இந்தக் காலத்தில் இப்படி ஒரு அஸ்திவாரத்தைப் பார்க்கவே முடியாது என்று பாராட்டி, மீன்குழம்புச் சாப்பாடு சாப்பிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஊர் பழகிக்கொண்டது. கோயில் ஸ்டாப் என்று எங்கே நிறுத்துவது என்பதை டவுன் பஸ் கண்டக்டர் வாராவாரம் எட்டிப் பார்த்து முடிவு செய்தார், பீடம் இருந்த வெற்றிடத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டார்கள், போதகர் தம் வீட்டிலிருந்து கோயிலுக்கு வர ஒரு குடையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வாங்கிக்கொண்டார், செருப்புகளை எல்லாரும் மடியில் வைத்துக்கொண்டு ஜெபித்தார்கள். டீக்கடை இசக்கிமுத்துவுக்கு மட்டும் ஆச்சரியம் அடங்கவில்லை. "எங்க அம்மன் வெளிய வரணும்னா தேர் கட்டணும், வடம் பிடிக்கணும், மேளம் வைக்கணும். உங்க சாமி கட்டடத்தோட எந்திரிச்சு வருதே வே" என்று கிளாஸைக் கழுவிக்கொண்டே அங்கலாய்த்தான்.

கோயில் கண்டநேரத்தில் நடக்கவில்லை, ஜெபிக்கும்போதுதான் நடந்தது. தலை குனிந்து கண் மூடியதும் தரைக்கு அடியில் அம்மி நகர்த்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், ஆமென் சொன்னதும் நின்றுவிடும். இதனால் பெரிய சங்கடம் எலியேசரால் வந்தது. எலியேசர் தென்னந்தோப்புக்காரர், கமிட்டியில் ரத்தினபாய்க் குடும்பத்துக்கு எதிர்க்கட்சி, அவரை ஜெபிக்கச் சொன்னால் ஆதாமில் ஆரம்பித்து, நாட்டுத் தலைவர்கள், மழை, தம் முழங்கால் வலி என்று ஒன்றும் விடாமல் போவார். அவர் ஒரு ஜெபம் பண்ணினால் கோயில் ஒரு வீட்டைத் தாண்டிவிடும்.

அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தபோது, வாசலை முன்னே நீட்டிக்கொண்டு நேராக ரத்தினபாய் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. ரத்தினபாய்க்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டவர் தன் விசுவாசத்தைக் கண்டு தன் வீட்டுக்கே எழுந்தருளுகிறார் என்று சங்கக் கூட்டத்தில் சாட்சி சொன்னாள், சொல்லும்போதே அழுதாள், கேட்டவர்களும் பொறாமையில் அழுதார்கள். மகன் கல்யாணத்துக்கென்று போர்ட்டிகோவும் மொசைக் தரையும் வைத்துக் கட்டின புது வீடு அது, அவளும் அவள் புருஷன் தங்கப்பழமும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி எழுப்பினது. அசனம் முடிந்த மறுவாரம் கல்யாணம், பெண் வீட்டார் போர்ட்டிகோவில் வந்துதான் இறங்க வேண்டும். தங்கப்பழம் அதிகம் பேசுகிறவரில்லை. அன்றைக்குச் சாட்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்.

"பாய், நம்ம வீட்டுக்குப் பின்னாலயும் ஒரு வீடு இருக்கு, பாத்தியா."

பார்த்தாள். கொல்லைக்கு அப்பால் சூளை, சூளையை ஒட்டி ஒரு குடிசை, குடிசை வாசலில் ஞாயிற்றுக்கிழமை உடுத்தின வெளுத்த சேலையோடு செல்லக்கிளி உட்கார்ந்திருந்தாள். கோயில் வாசலுக்கும் அந்தக் குடிசைக்கும் ஒரு கயிறு பிடித்தால் அது ரத்தினபாயின் போர்ட்டிகோ, ஹால், அடுப்படி என்று வரிசையாக அறுத்துக்கொண்டு போகும். ரத்தினபாய் கொல்லைக் கதவைப் பட்டென்று சாத்தினாள். விருந்தாளி தன் வீட்டுக்கு வரவில்லை, தன் வீட்டை இடித்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போகிறார்.

போதகருக்கு விஷயம் முதல் வாரமே புரிந்துவிட்டது. அந்நியரை ஏற்றுக்கொள்வதைப் பற்றி ஒரு நல்ல பிரசங்கம் தயார் செய்துகொண்டு பிரசங்க பீடத்தில் ஏறுவார், கமிட்டி முகங்களை ஒரு சுற்றுப் பார்ப்பார், நோவாவின் பேழை எத்தனை முழம் என்று விளக்கிவிட்டு இறங்கிவிடுவார். அவர் ஊர் மாறுதலுக்கு எழுதிப்போட்டிருந்த நேரம், யாருடைய மனதையும் நோகடிக்க முடியாது.

ஆக ரத்தினபாயே காரியத்தில் இறங்கினாள். ஒரு நல்ல சேலையும் ஒரு படி பச்சரிசியும் எடுத்துக்கொண்டு குடிசைக்குப் போய், இந்தச் சூளைப் புகை உடம்புக்கு ஆகாது, மேற்கே தென்னந்தோப்பு ஓரம் ஒரு கொட்டகை சும்மா கிடக்கிறது, காற்று சும்மா பிய்ச்சிக்கிட்டு வரும் என்று எடுத்துச் சொன்னாள். செல்லக்கிளி தட்டுமுட்டுச் சாமான்களோடு தோப்பு ஓரம் போனாள். அந்த ஞாயிறு ஜெபத்தில் கோயில் எருமை திரும்புவதுபோல நிதானமாகத் திரும்பி, எலியேசரின் தென்னந்தோப்பைப் பார்த்து நின்றது.

அன்றைக்கு எலியேசருடைய ஜெபம், "ஆண்டவரே ஸ்தோத்திரம் ஆமென்" என்று முடிந்தது. அவர் வாழ்நாளில் செய்த சின்ன ஜெபம் அதுதான். அவர் உட்காரும் முன்னே ரத்தினபாய் எழுந்து, ஜெபித்தே ஆக வேண்டுமென்று தனக்கும் மனசில் பாரமாயிருக்கிறது என்று சொல்லி ஆரம்பித்தாள், ஆதாமுக்கு முன்னாலிருந்தே ஆரம்பித்தாள், நடுவில் எலியேசர் இரண்டு தடவை உரக்க ஆமென் போட்டுப் பார்த்தும் நிறுத்தவில்லை, கோயில் தோப்பு வேலியைச் சாய்த்து முதல் வரிசைத் தென்னையை முட்டியது. மறுநாளே எலியேசர் ஒரு பெட்டை ஆடும் ஒரு நார்க்கட்டிலும் கொடுத்து செல்லக்கிளியைச் சூளைக் குடிசைக்கே கொண்டுவந்து விட்டார். இடையில் உள்ள வீட்டுக்காரர்களும் தங்கள் பங்குக்குப் பாத்திரம், போர்வை, ஒரு சுவர்க் கடிகாரம் என்று கொடுத்தார்கள். செல்லக்கிளிக்கு அந்த ஊர் எல்லாவற்றையும் கொடுத்தது, பாயில் ஓர் ஆள் உட்காருகிற இடத்தை மட்டும் கொடுக்கவில்லை.

கோயில் மறுபடி திரும்பி, இப்போது கொஞ்சம் எரிச்சலோடு வருகிற மாதிரி வேகமாக வந்தது. அசனத்துக்கு முந்தின ஞாயிறு ரத்தினபாய் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் போயிற்று.

தங்கப்பழம் செங்கற்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே, "கூப்பிட்டுத்தான் தொலையேன்" என்றார். கட்டின புருஷன் தன்னை அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. ரத்தினபாய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் குடிசைக்குப் போனாள்.

"ஏளா, அசனத்தன்னைக்குக் கோயிலுக்கு வா."

"உள்ள இடம் இருக்காக்கா?"

"வெளி வராண்டாவுல, செருப்பு விடுற இடம் இப்ப சும்மாத்தான கிடக்கு. அதுவும் கோயில்தான். காத்தோட்டமா இருக்கும். ஒரு தனிப் பாய் போட்டுத் தாறேன்."

செல்லக்கிளி அதற்கும் வந்தாள். அசனத்தன்று காலையில், வாசற்படிக்கு மேலே வராண்டாவில், புதுப் பாயில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கோயிலுக்குப் பக்கவாட்டில் மூன்று கல் கூட்டி அண்டாக்கள் ஏற்றியிருந்தார்கள், ஆட்டுக்கறி மசாலா வாசனை பிரசங்கத்துக்குள் புகுந்து சபையாரைப் படுத்தியது, ரத்தினபாய் முதல் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வாசல் வழியே தன் போர்ட்டிகோவின் புதுப் பச்சைப் பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டினால் தொடுகிற தூரம். இனி ஒரு ஜெபம் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் செல்லக்கிளிதான் வந்துவிட்டாளே, இனி இது எதற்கு நகரப்போகிறது என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

போதகர், ஜெபிப்போம் என்றார். எல்லாரும் தலை குனிந்தார்கள், தரைக்கு அடியில் அம்மி நகர்ந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவரைப்போல, தன் வராண்டாவிலேயே உட்கார்ந்திருக்கிறவளைத் தேடிக் கோயில் குடிசைக்குக் கிளம்பியது. செருப்பு விடுகிற இடத்தை அது உள்ளே என்று கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ரத்தினபாய் கண்ணைத் திறந்தாள், எழுந்தாள், எல்லாரும் குனிந்திருக்க வாசலுக்கு ஓடினாள். ஓடியது வீட்டைக் காப்பாற்றத்தான், அதை அவளே பிற்பாடு சங்கத்தில் மறைக்காமல் சொன்னாள். போர்ட்டிகோத் தூணில் ஏற்கனவே விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. தூணுக்கும் படிக்கும் நடுவே சந்து இறுகிக்கொண்டே வர, அதற்கு நேராகச் செல்லக்கிளி கண்ணை இறுக மூடி, வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ரத்தினபாய் அவளைத் தாண்டிக் குதிக்கப் போனவள், அந்த முணுமுணுப்பைக் கேட்டு நின்றுவிட்டாள்.

"யேசப்பா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தக்கா பாவம், மகன் கல்யாணத்துக்குக் கட்டுன வீடு. கோயிலைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருங்க. நான் இனிமே வரல. பாட்டு காத்துலயே கேட்டுக்கிடுதேன்."

ரத்தினபாய் அத்தனை நாளும் ஆதாமிலிருந்து ஜெபித்ததில் இந்தப் பெண்ணின் பெயர் ஒரு இடத்திலும் வரவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார்மேல் என்று தெரியவில்லை, ஆகையால் செல்லக்கிளியின் மேலேயே காட்டினாள்.

"எந்திரிட்டி" என்று தோளைப் பிடித்து இழுத்தாள். "செருப்பு வைக்கிற இடத்துல உக்காந்துட்டுப் பேசுற பேச்சைப் பாரு. வரமாட்டாளாம்லா. யாரு உன்னைக் கேட்டா?"

அவளை இழுத்துக்கொண்டு நடைபாதை வழியே, குனிந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர, போதகர் ஜெபத்தில் எங்கே விட்டோம் என்று மறந்து நிற்க, முதல் பாய்க்குக் கொண்டுபோனாள். "கொஞ்சம் நகரு" என்று தன் பக்கத்து மனுஷியிடம் சொன்னாள், அவள் அடுத்தவளிடம் சொன்னாள், பாய் முழுவதும் ஒரு பெருமூச்சுபோல நகர்ந்து ஓர் ஆளுக்கு இடம் வந்தது. செல்லக்கிளி உட்கார்ந்தாள். தரைக்கு அடியில் அம்மிச் சத்தம் நின்றுவிட்டது. போதகர் நிமிர்ந்து கமிட்டியைப் பார்த்தார், அவர்கள் எல்லாரும் குனிந்துகொண்டார்கள், அவர் பலநாளாகச் சட்டைப்பையில் வைத்திருந்த பிரசங்கத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். கறி அடிப்பிடிக்கும் வரைக்கும் படித்தார்.

ஆராதனை முடிந்ததும் ரத்தினபாய் நேராகச் சாமான் அறைக்குப் போய்ப் பெயின்ட் வாளியைத் தூக்கி வந்தாள். அண்டாவில் அரிசி போடப் போகிற நேரம், ஊரே பார்க்க, வாளியைக் கவிழ்த்தாள். எந்த அரிசி யாருடையது என்று அதற்குமேல் யாராலும் பிரிக்க முடியாது. பந்தியில் செல்லக்கிளிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள், கறியில் உப்பு கம்மி என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கோயில் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அதற்கு அந்த எண்ணமே இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் முதல் பாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் படிக்கட்டு போர்ட்டிகோவுக்குள்ளும், பெரிய வாசல் ரத்தினபாயின் ஹாலுக்குள்ளும் புகுந்துவிட்டிருந்தன, கோயில் அப்படியே நின்றுவிட்டது. பழைய இன்ஜினியர் மறுபடி வந்து, இரண்டையும் பிரிக்க முடியாது, ஒட்டின இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்று பாராட்டி, மறுபடி சாப்பிட்டுப் போனார். பெண் வீட்டார் ஹாலில் இறங்கி, வெயில் படாமல் நேரே பீடத்துக்கு நடந்தார்கள், இந்த வசதி எங்கள் ஊரில் இல்லையே என்றார்கள். இப்போது கிருபைநல்லூரில் கோயிலுக்குப் போக வேண்டுமானால் ரத்தினபாயின் ஹால் வழியாகத்தான் போக வேண்டும். செல்லக்கிளியைப் பார்த்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், ஞாயிறுதோறும் அத்தனை கால்களும் அந்த மொசைக் தரையில் நடக்கின்றன, "காலைத் தட்டிட்டு வாங்க, வீடா சந்தையா இது" என்று ரத்தினபாய் ஓரமாக நின்று கத்துகிறாள், கத்திக்கொண்டே ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறாள்.

முதல் பாயில் இப்போது நிரந்தரச் சண்டை. செல்லக்கிளிக்கு விசிறிக் காற்று ஆகாது, இருமல் வருகிறது என்று போய் வேகத்தைக் குறைப்பாள், ரத்தினபாய் வியர்த்துப்போய் எழுந்து கூட்டுவாள், குறைத்துச் சுற்றும்போதுதான் மாமனார் பெயரே ஒழுங்காகப் படிக்க வருகிறது என்று செல்லக்கிளி நியாயம் சொல்வாள். அவளுக்கு இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.

போன வாரம் ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. மூட்டை முடிச்சு, கைக்குழந்தை, இந்தப் பக்கத்து ஜாடையே இல்லை, பேசுகிற பாஷையும் வேறு. உள்ளே போகலாமா என்று தெரியாமல் இசக்கிமுத்து கடை ஓரம் நின்று, பாட்டு வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லக்கிளி ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்து ரத்தினபாயை முழங்கையால் இடித்தாள். போதகர் அப்போதுதான், ஜெபிப்போம் என்று வாயெடுத்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று எழுந்தாள் ரத்தினபாய். ஓரத்தில் சும்மா கிடந்த ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஹாலைத் தாண்டி ஓடினாள்.

"எங்கக்கா இந்த ஓட்டம்?" என்று கேட்டான் இசக்கிமுத்து.

"பேசாத வே" என்றாள் மூச்சிரைக்க. "இது கிளம்புறதுக்கு முன்னால நான் போய்க் கூட்டிட்டு வந்துறணும். இப்பத்தான் போர்ட்டிகோவுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கு."